வெள்ளம் வராத கீழ்த்தளம்

ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாவில் என்னோடு வளர்ந்தவர்களிடம் முதலில் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் எப்போதாவது வெள்ளம் வந்ததா? உடுப்புத் தோய்க்கும் அறை அங்கேதான் இருந்தது. எங்கள் சைக்கிள்கள் அங்கேதான் நின்றன. குளிருக்கு வெளியே போக முடியாத நாட்களில் ஒளித்துப் பிடித்து விளையாடியதும் அங்கேதான். ஒரு நாளாவது கால் நனைந்ததா? எனக்கு அப்படி ஒரு ஞாபகம் இல்லை. உங்களுக்கும் இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் வெள்ளம் வந்தது என்று ஒரு புத்தகத்தில் அச்சடித்திருக்கிறார்கள்.

நான் நூலகத்தின் இசைப் பகுதியில் வேலை செய்கிறேன். போன இலையுதிர்காலம் புதிதாக வந்த பொருட்களுக்குள் ஒரு கனமான பெட்டி இருந்தது. அறுபதுகளில் இங்கிலாந்தில் கொடிகட்டிப் பறந்த ஒரு பீட் குழுவின் பாட்டுகள் எல்லாவற்றையும், முதல் இசைத்தட்டிலிருந்து கடைசிக் கச்சேரி வரை, ஏழு குறுந்தட்டுகளில் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். பீட் குழு என்றால் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. மூன்று கிற்றார், ஒரு ட்ரம், ஒடுங்கிய கழுத்துப்பட்டி, நெற்றியை மூடும் தலைமுடி, இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும் பாட்டு. மேலட்டையில் நாலு இளைஞர்கள் மழையில் நனைந்த தெருவோரம் நிற்கிறார்கள். இடது ஓரத்தில் நிற்பவரின் காதுகளைப் பார்த்ததும் பெட்டியை மேசையில் வைத்துவிட்டேன். அவ்வளவு பெரிய காதுகளை நான் ஒருவரிடம்தான் கண்டிருக்கிறேன்.

எங்கள் வக்ட்மெஸ்டர். கட்டிடத்தைப் பராமரிக்கிறவரை அப்படித்தானே சொல்வோம். நீல நிற முழு உடுப்பு, இடுப்பில் எல்லா வீட்டுக்கும் பொருந்தும் சாவிக் கொத்து. அவர் இங்கிலாந்துக்காரர் என்பது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். அவர் பாட்டுக்காரர் என்பது ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

பெட்டியோடு ஒரு தடித்த கையேடு. எழுத்து எறும்பளவு. இந்த வயதில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தாளை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்த்தான் வாசிக்க முடிந்தது. கடைசிப் பக்கங்களில், குழு பிரிவதற்கு முன் பதிவுசெய்த பதினொரு பாட்டுகளை நிறுவனம் வெளியிடவில்லை என்றும், அவற்றின் ஒரே பிரதி ஒஸ்லோவில் ஒரு குடியிருப்பின் கீழ்த்தளத்தில் வெள்ளம் புகுந்தபோது அழிந்துவிட்டது என்றும் எழுதியிருந்தது. தகவல் தந்தவர் குழுவின் கிற்றார் வாசிப்பாளர், எங்கள் வக்ட்மெஸ்டரேதான்.

வெள்ளம் எதுவும் வரவில்லை. அந்த ஒலிநாடாக்களை அழித்தது என் அப்பா. பக்கத்தில் நின்றது நான்.

அந்தப் பனிக்காலம் எனக்குப் பத்து வயது. அம்மாவும் நானும் அப்பாவிடம் வந்து சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சித்தப்பா எங்களுக்குப் பின்னால் வந்தவர். அப்பாவின் ஒரே தம்பி. யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். அவருடைய அகதி விண்ணப்பத்தை இரண்டாம் தடவையும் நிராகரித்து, நாட்டை விட்டுப் போகச் சொல்லிக் கடிதம் வந்தது. அவர் போகவில்லை. எங்கள் நாலாம் மாடி வீட்டில், வரவேற்பறையில் பாய் விரித்துப் படுத்தார்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் முடிந்து நான் வந்த கையோடு பொலிஸ்காரர் இரண்டு பேர் வந்தார்கள். சீருடை இல்லை. சித்தப்பா குளியலறைக்குள். அம்மாவுக்கு அப்போது நோர்வேஜிய மொழி வராது, நான்தான் கதைக்க வேண்டியிருந்தது. ஒருவர் மரியாதையாகக் கேள்வி கேட்டார். மற்றவர் ஒன்றும் கேட்காமல் வாசலில் கிடந்த சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இரண்டு சோடி பெரிய சப்பாத்து இருக்கிறதே, இரண்டும் அப்பாவுடையதா?"

"ஆம்," என்றேன்.

"அப்பா வேலைக்கு எதைப் போட்டுக்கொண்டு போனார்?"

அதற்கு என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. அம்மாவின் கை என் தோளை இறுக்கியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். அந்தச் சிரிப்புத்தான் அப்பாவைப் பயப்படுத்தியது. அவருடைய விசாவை அப்போது ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். ஆளை ஒளித்து வைத்திருந்தது தெரிந்தால் நாங்கள் நாலு பேரும் போக வேண்டியதுதான் என்று அம்மாவிடம் சொன்னார்.

அடுத்த நாளிலிருந்து பகல் முழுக்கச் சித்தப்பா கீழ்த்தளத்தில் இருந்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் அங்கே ஒரு சாமான் அறை உண்டல்லவா, மரச் சட்டமும் கம்பிவலையும் அடித்தது. அப்பா உள்பக்கம் மட்டைகளைக் கட்டி மறைத்தார். ஒரு மெத்தை, ஒரு போர்வை, தண்ணிப் போத்தில். காலையில் ஆட்கள் எழும்ப முன்னர் இறங்கிப் போவார். அப்பா ஹோட்டல் சமையலறை வேலை முடிந்து வந்த பிறகு மேலே வருவார். பள்ளிக்கூடம் விட்டு வந்து மத்தியானச் சாப்பாடு கொண்டுபோவது நான்.

"ஆரும் உன்னைக் கீழை கண்டு கேட்டால் என்ன சொல்லுவாய்?" என்று அப்பா ஒத்திகை பார்த்தார்.

"ஸ்கீக் கட்டை எடுக்க வந்தனான் எண்டு சொல்லுவன்."

"எங்களிட்டை ஸ்கீ இல்லை, பிள்ளை."

"அப்ப சைக்கிள் எடுக்க."

"உந்தப் பனிக்கை சைக்கிளோ?"

கடைசியில் வெறும் ஜாம் போத்தில்கள் என்று முடிவானது. உண்மையாகவே நாலு வெறும் போத்தில்களை ஒரு பையில் போட்டு, அதற்குக் கீழே சாப்பாட்டுப் பெட்டியை வைத்துத் தருவார் அம்மா. படியிறங்கும்போது போத்தில்கள் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போடும். அந்தச் சத்தம் கட்டிடம் முழுக்கக் கேட்கிறது என்று எனக்குத் தோன்றும்.

இரண்டாம் கிழமை வக்ட்மெஸ்டர் கண்டுபிடித்துவிட்டார்.

சித்தப்பா புட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சுவரோரம் குந்தியிருந்தேன். ரோச் லைற் வெளிச்சம் மட்டை இடுக்கால் வந்தது, பிறகு சாவிக் கொத்தின் சத்தம், பிறகு கதவு திறந்தது. சித்தப்பா பிசைந்த கையை அப்படியே வைத்திருந்தார்.  வெளிச்சம் அவருடைய முகத்தில் விழுந்து, மெத்தைக்குப் போய், பக்கத்தில் கழற்றிப் பரப்பியிருந்த சின்ன ரேடியோவில் நின்றது. பொழுது போகாமல் சித்தப்பா அதை ஒவ்வொரு நாளும் கழற்றிப் பூட்டுவார்.

வக்ட்மெஸ்டர் என்னைப் பார்த்து நோர்வேஜிய மொழியில் கேட்டார்: "நாலாம் மாடிப் பிள்ளைதானே நீ?"

நான் போத்தில் பையைத் தூக்கிக் காட்டினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அவர் ரோச்சை அணைத்தார். பிறகு சித்தப்பாவிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: "ஒலிநாடா இயந்திரம் திருத்தத் தெரியுமா?"

சித்தப்பாவின் ஆங்கிலம் அப்பாவுடையதை விட நல்லது. "பார்த்தால்தான் சொல்லலாம்," என்றார்.

அவருடைய வேலையறை கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. கட்டிடத்திலேயே சூடான இடம். பெயின்ற், எண்ணெய், பழைய காப்பி எல்லாம் கலந்த ஒரு மணம். மேசையில் இரண்டு பெரிய சக்கரங்கள் வைத்த ஒலிநாடா இயந்திரம். அது மெதுவாகச் சுற்றியதால் பாட்டெல்லாம் அழுகை மாதிரிக் கேட்டது. சித்தப்பா மூன்று நாட்கள் அதோடு மாரடித்தார். நாலாம் நாள் சக்கரம் ஒழுங்காகச் சுற்றியது. வக்ட்மெஸ்டர் ஒரு மரப்பெட்டியை இழுத்து வைத்தார். உள்ளே பதினாலு மட்டைப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சுருள்.

லண்டனில் ஒரு சின்ன நிறுவனம் அவருடைய குழுவின் பாட்டுகளை முதலிலிருந்து முடிவு வரை தொகுத்து வெளியிடக் கேட்டிருந்தது. குழுவில் எதையும் எறியாமல் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். எல்லாச் சுருளையும் கேட்டு, எதில் எது இருக்கிறது என்று எழுதி அனுப்ப வேண்டும். அதற்கு அவர் ஒரு விதி வைத்திருந்தார்: வரிசையாகக் கேட்க வேண்டும், நடுவில் பாயக் கூடாது, ஒரு பாட்டை இரண்டு தடவை போடக் கூடாது. ஒரு பின்னேரத்துக்கு ஒரு சுருள்.

அப்படித்தான் பத்து வயதில் நான் நாலு ஆட்களின் இளமை முழுவதையும் மூன்று கிழமையில் கேட்டேன். முதல் சுருளில் அவர்களுக்குப் பத்தொன்பது வயது. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"உவையை நாய் துரத்தின மாதிரியெல்லே ஓடுகினம்," என்று சித்தப்பா என் காதில் சொன்னார். ஆனால் அவருடைய விரல் மேசையில் தாளம் போட்டது.

பிறகு பாட்டுகள் மெல்ல மெல்ல ஒழுங்காகின. கைதட்டல், கூடப் பாடும் குரல்கள், பெண்பிள்ளைகள் கூச்சலிடும் ஒரு மண்டபக் கச்சேரி. அது ஒஸ்லோவில் நடந்தது, அன்றைக்குத்தான் தன் மனைவியைக் கண்டார் என்று வக்ட்மெஸ்டர் சொன்னார். மனைவி இப்போது எங்கே என்று நான் கேட்டேன். "ட்வெய்ட்டாவில்," என்று நகரத்தின் வேறொரு பகுதியைச் சொல்லிவிட்டுச் சுருளைப் பெட்டிக்குள் வைத்தார். எட்டாம் ஒன்பதாம் சுருள்களில் ஓர்கன் வந்தது, சண்டையும் வந்தது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்க முன் யாரோ ஏதோ சொல்வதும், வேறு யாரோ கதவை அடித்துச் சாத்துவதும் நாடாவில் அப்படியே கேட்டது. ஒரு நிமிட அமைதி. பிறகு ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார், எல்லோரும் வாசித்தார்கள். எங்கள் வீட்டிலும் அம்மாவும் அப்பாவும் அந்த நாட்களில் இப்படித்தான் இருந்தார்கள். சண்டை பிடித்த கையோடு சோறு போட்டுச் சாப்பிடுவார்கள்.

கடைசி இரண்டு சுருளையும் அவர் போடத் தயங்கினார். பாட வேண்டியவர் கோபித்துக்கொண்டு போய்விட்டதால் அந்தப் பதினொரு பாட்டையும் பாடியவர் வக்ட்மெஸ்டரே. நிறுவனம் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டது. அவர் நல்ல பாடகர் இல்லை. குரல் தட்டுத் தடுமாறிப் போகும், உச்சத்துக்கு எட்டாது, எட்டாது என்று தெரிந்தே போகும். கிற்றார் ஒன்று மட்டும் பக்கத்தில் நடந்து வருவதுபோல வரும். சித்தப்பாவின் விரல் தாளம் போடவில்லை. பாட்டு முடிந்ததும் எழுந்து, ஒன்றும் கேட்காமல் நாடாவைப் பின்னுக்குச் சுற்றி மறுபடியும் போட்டார். விதி மீறப்பட்டும் வக்ட்மெஸ்டர் தடுக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதற்கு வேறு பிரதி இருக்கிறதா?" என்று சித்தப்பா கேட்டார்.

"இல்லை."

"உடனே எடுங்கள்."

"இரண்டாவது இயந்திரம் வேண்டும். நண்பர் ஒருவர் அடுத்த கிழமை கொண்டுவருகிறார்."

இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியாது. "அண்ணைக்குச் சொல்லாதை பிள்ளை, பயந்து போவார்," என்று சித்தப்பா சொன்னார். நான் சொல்லவில்லை.

அடுத்த கிழமை, வியாழக்கிழமை, நான் போத்தில் பையோடு கீழே போனபோது சாமான் அறை வெறுமையாக இருந்தது. மெத்தை சுவரோடு நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. போர்வை நாலாக மடித்திருந்தது. ரேடியோ பூட்டி முடித்து அதன்மேல் இருந்தது. வேலையறை பூட்டு. பையோடு மேலே ஓடி வந்தேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றார்.

வெள்ளிக்கிழமை ஒரு வழக்கறிஞர் ரெலிபோன் எடுத்தார். சித்தப்பா பொலிஸிடம் இருக்கிறார், கொழும்புக்கு அனுப்பப் போகிறார்கள். சனிக்கிழமை எதிர்வீட்டு அன்ரி வந்து, வியாழன் காலை சித்தப்பா வக்ட்மெஸ்டரின் வான் வண்டியில் ஏறியதைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னா.

அப்பா என்னைக் கூப்பிட்டார். "உந்த வெள்ளையனுக்குச் சித்தப்பா கீழை இருக்கிறது தெரியுமோ?"

"ஓம்."

"எப்ப தொடக்கம்?"

சொன்னேன். அழுதுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன், இயந்திரம், சுருள்கள், பாட்டுகள். அப்பா ஏசவில்லை. 

"காட்டிக் குடுத்திட்டான்," என்றார்.

அந்தச் சொல் எங்கள் வீடுகளில் என்ன சொல் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஊரில் அதற்காக உயிரே போனது. அம்மா, "அப்பிடி அவசரப்பட்டுச் சொல்லாதையுங்கோ," என்றார். அப்பா கேட்கவில்லை. என்னிடம் திரும்பிக் கேட்டார்:

"அவன் எதைப் பெரிசா மதிச்சு வைச்சிருக்கிறவன்?"

நான் பதில் சொன்னேன். இன்றைக்கும் என்னை உறுத்துவது அந்தப் பதில்தான். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கேள்வியின் அர்த்தம் விளங்கியிருக்காது என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு விளங்கியது.

செவ்வாய்க்கிழமை அப்பாவுக்கு வேலை இல்லை. மத்தியானத்துக்குப் பிறகு வெளிச்சம் போய்க்கொண்டிருந்த நேரம். கட்டிடத்துக்கு முன்னாலே வக்ட்மெஸ்டர் பனி அள்ளும் சத்தம் கேட்டது. அப்பா உடுப்புக் கூடையை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு கீழே போனார். வேலையறை திறந்து கிடந்தது. மேசையில் இப்போது இரண்டு இயந்திரங்கள் இருந்தன, இரண்டாவது இன்னும் பெட்டி பிரிக்காமல்.

"எது?"

மரப்பெட்டியைக் காட்டினேன். அப்பா அதைக் கூடைக்குள் வைத்து மேலே போர்வைத் துணிகளைப் போட்டார். லிப்டில் மூன்றாம் மாடிக் கிழவி எங்களோடு ஏறினா. "இன்றைக்கு நிறையத் தோய்த்தீர்கள்போல," என்றா. அப்பா சிரித்தார். அவருடைய நெற்றியில் வியர்வை நின்றது.

படிக்கட்டோரம் ஒவ்வொரு மாடியிலும் குப்பைக் குழாய் இருந்ததே, இரும்பு மூடி போட்டது, அதன் முன்னால் கூடையை வைத்தார். மட்டைப் பெட்டிகளைத் திறந்து சுருள்களை வெளியே எடுத்து, ஒவ்வொன்றாகப் போட்டார். ஒவ்வொன்றும் நாலு மாடி இறங்கிக் கீழே தொட்டியில் விழும் சத்தத்துக்குக் காத்திருந்து அடுத்ததைப் போட்டார். ஒரு சுருள் அவிழ்ந்து மூடியில் சிக்கியது. அதை இழுத்து அறுத்தார். பதினாலையும் நான் எண்ணினேன்.

செவ்வாய்க்கிழமைதான் குப்பை லொறி வரும் நாள். நான் யன்னலுக்கு ஓடினேன். வக்ட்மெஸ்டர் பனி அள்ளும் சவளைச் சுவரில் சாத்திவிட்டு, கீழ்க் கதவைத் திறந்து, சக்கரம் வைத்த குப்பைத் தொட்டியைத் தானே வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். சக்கரம் பனியில் இறுகி நின்றது. தோளைக் கொடுத்துத் தள்ளினார். லொறி இன்னும் வரவில்லை. நான் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். நாலு மாடி. சப்பாத்துப் போடாமலே ஓடியிருக்கலாம். லொறி வளைவில் திரும்பி வந்து நிற்கும் வரை, அந்த மனிதர் தொட்டிக்குப் பக்கத்தில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார். லொறிக்காரனோடு ஏதோ பகிடி விட்டார். தொட்டி மேலே போய்க் கவிழ்ந்தது.

ஒரு மணித்தியாலத்துக்குள் அவர் எங்கள் கதவைத் தட்டினார். சப்பாத்தில் பனி உருகி வாசலில் தண்ணீர் நின்றது. சாவிக் கொத்தை அவர் திறப்பதற்குப் பாவிக்கவில்லை என்பதை அப்போதும் கவனித்தேன். என்னைப் பார்த்துக் கேட்டார்:

"என்னுடைய பெட்டியை யாராவது எடுத்ததைக் கண்டாயா?"

அப்பா எனக்குப் பின்னால் நின்றார். "என்னவாம்?"

"பெட்டியைக் கண்டனியோ எண்டு கேக்கிறார்."

"காணேல்லை எண்டு சொல்லு."

சொன்னேன். "நான் காணவில்லை." அப்பா சொன்னதாகச் சொல்லாமல், நானாகச் சொன்னேன்.

அவர் தலையாட்டினார். போகத் திரும்பியவர் நின்று, அப்பாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "உங்கள் தம்பி நல்ல மனிதர்."

"என்ன சொல்லிப்போட்டுப் போறான்?" என்று அப்பா கேட்டார்.

"ஒண்டுமில்லை," என்றேன்.

கோடை வருவதற்குள் அவர் வேலையை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விட்டார். அப்பா அதை ஒரு வெற்றி மாதிரிச் சொல்லவும் இல்லை, வேறு எதுவும் சொல்லவும் இல்லை. சித்தப்பாவைக் கொழும்பில் இரண்டு மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். பிறகு வெளியே வந்து, எப்படியோ கனடா போய்ச் சேர்ந்தார். கல்யாணம், பிள்ளைகள், வீடு. நாங்கள் ரெலிபோனில் கதைப்போம், கல்யாணங்களுக்குப் போய்வருவோம். அந்த வியாழக்கிழமையைப் பற்றி மட்டும் ஒருவரும் ஒருவரிடமும் கேட்டதில்லை.

கையேட்டை வாசித்த அன்று வேலை முடிந்து, ரயில் நிலையத்து மர வாங்கில் குந்தியிருந்து சித்தப்பாவுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"சித்தப்பா, ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லுங்கோ. உங்களை அந்த வக்ட்மெஸ்டர்தானோ பிடிச்சுக் குடுத்தவர்?"

"ஆர் சொன்னது?" அவருடைய குரல் உயர்ந்தது. "நான்தான் பொலிஸிலை கொண்டுபோய் விடச் சொல்லிக் கேட்டனான். கீழ்த்தளம் முழுக்கப் பாக்க வாறம், சாவிக் கொத்தோடை நில்லும் எண்டு பொலிஸ் அந்தாளுக்குச் சொல்லியிருக்கினம். அந்தாள் ஓடி வந்து எனக்குச் சொன்னவர். மலைப்பக்கம் ஒரு சிநேகிதன்ரை வீடு இருக்கு, அங்கை கொண்டுபோய் விடுறன் எண்டு கெஞ்சினவர். நான் மாட்டன் எண்டனான்."

"ஏன்?"

"உங்கட அறைக்கை பிடிபட்டால் அண்ணையின்ரை விசா போயிடுமெல்லோ. நானாப் போய் நிண்டால் எங்கை இருந்தனி எண்டு பெரிசாக் கேக்கமாட்டினம். அண்ணைக்குச் சொல்லக்கூடாதெண்டு அந்தாளிட்டைச் சத்தியம் வாங்கினனான். தனக்காகத்தான் போனனான் எண்டு தெரிஞ்சால் அண்ணை தாங்கமாட்டார்." குரல் இறங்கியது: "கீழை இருந்து களைச்சும் போனன், பிள்ளை."

நான் சுருள்களைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு அது தெரியாது.  

"அந்தக் கடைசிப் பாட்டுகளுமோ?"

"ஓம்."

"எடியே," என்றார். ரெலிபோனை வைத்துவிட்டார்.

அப்பாவும் அம்மாவும் இப்போது ட்வெய்ட்டாவில் இருக்கிறார்கள். அடுத்த நாள் போய், அப்பாவின் முன்னால் இருந்து, சித்தப்பா சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். வக்ட்மெஸ்டர் எங்கள் வாசலில் கடைசியாகச் சொன்னதையும் சொன்னேன். அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டார். அப்பாவுக்கு எண்பது வயது. கோபப்படுவார், இல்லையென்று சாதிப்பார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அந்தாள் இருக்கிறாரோ?"

பெட்டியை வெளியிட்ட நிறுவனத்துக்கு எழுதினேன். மூன்று கிழமையில் வக்ட்மெஸ்டரிடமிருந்தே ஒரு தபாலட்டை வந்தது. ஒஸ்லோவின் கிழக்குப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தின் விலாசம். கீழே ஒரு வரி: செவ்வாய்க்கிழமைகளில் காப்பி நன்றாக இருக்கும்.

அப்பா கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார்.  இல்லத்தின் சாப்பாட்டு அறையில் யன்னலோரம் அவர் இருந்தார். உடம்பு வற்றி, காதுகள் இன்னும் பெரிதாகத் தெரிந்தன. நாங்கள் இருந்ததும் நான் பேச வாயெடுத்தேன். அப்பா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். தன் சமையலறை நோர்வேஜிய மொழியில், வினைச்சொற்கள் ஒன்றும் சரியாக முடியாமல், அவரே சொன்னார்:

"பெட்டி எடுத்தது நான். குழாயில் போட்டது நான். நீங்கள் தம்பியைக் கொடுத்தது என்று நினைத்தேன். பிழை."

"தெரியும்," என்றார் வக்ட்மெஸ்டர்.

"எப்போதிருந்து?" என்று நான் கேட்டேன்.

"அன்றைக்கே. நாலாம் மாடி மூடியில் ஒரு சாண் நாடா தொங்கியது. உங்கள் கதவைத் தட்ட முன்னரே கண்டுவிட்டேன்."

"பிறகு ஏன் வெள்ளம் என்று சொன்னீர்கள்?"

"இங்கிலாந்திலிருந்து ஒரு பையன் ரெலிபோனில் கேட்டான். ஒரு தமிழர் எறிந்தார் என்று சொல்லியிருந்தால் அதை மட்டும்தான் எழுதியிருப்பான். வெள்ளம் என்றால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள்." காப்பிக் கோப்பையை ஒரு தடவை சுற்றினார். "பாடியது நானல்லவா. உலகத்துக்குப் பெரிய நட்டமில்லை."

அப்பாவுக்கு அதை நான் தமிழில் சொன்னேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

வக்ட்மெஸ்டர் ஏதோ கேட்க விரும்பினார்.  கடைசியில், எங்கள் இருவரையும் பார்க்காமல், மேசை விரிப்பைப் பார்த்துக் கேட்டார்:

"உங்கள் தம்பியைப் பொலிஸ் வாசலில் இறக்கிவிட்டது நான்தான். வண்டியின் கதவு உள்ளுக்கிருந்து திறக்காது, நான்தான் இறங்கிப்போய்த் திறந்துவிட்டேன். பிறகு அந்த நாட்டுச் செய்தி ரேடியோவில் வரும்போதெல்லாம் நிறுத்திவிடுவேன். கேட்க யாரும் இருக்கவில்லை. உங்களிடம் வர எனக்குத் துணிவில்லை." மூச்செடுத்தார். "அவரை என்ன செய்தார்கள்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடமும் அந்தச் சுருள்களைப் பற்றியே நினைத்து வருந்தியிருக்கிறேன். இவருக்கு ஒரு வரி எழுதிப்போட வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"இருக்கிறார்," என்றேன். "கனடாவில். மூன்று பேரப்பிள்ளைகள்."

அவர் என்னை நம்பவில்லை. அப்பாவைப் பார்த்தார். அப்பா நோர்வேஜிய மொழியில் ஒரே ஒரு சொல் சொன்னார், அந்தச் சொல்லை மட்டும் பிழையில்லாமல்: "உயிரோடிருக்கிறார்."

வக்ட்மெஸ்டர் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா எழுந்து, மேசையைச் சுற்றிப் போய், அவருக்குப் பக்கத்திலிருந்த கதிரையில் இருந்தார்.

நான் ரெலிபோனை எடுத்தேன். எங்களுக்கு மத்தியானம் பன்னிரண்டு, அங்கே விடியற்காலை ஆறு மணி. சித்தப்பா எழும்பியிருக்கமாட்டார். எழுப்பினேன்.